நிறுத்துங்க என்று யார் சொல்வது?

2022 செப்டம்பர் கடைசியில் புதுச்சேரி மின்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். துறையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்பது கோரிக்கை. அக்டோபர் பிறந்ததும் பல இடங்களில் கரண்ட் போனது. அப்புறம் நடந்ததை இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள், மறியல் நடந்தது, அரசு எஸ்மா என்று மிரட்டியது.

மறியல் பண்ணியவர்களை நான் குறை சொல்லவில்லை. பாகூர் கொம்யூனில் கரண்ட் இல்லையென்றால் போர் மோட்டார் ஓடாது, நாற்று காயும். வில்லியனூரில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை மொட்டை மாடியில் கொசுக்கடியில் கிடக்கும். கோபம் நியாயம்தான். என்னை உறுத்துவது வேறு. கரண்ட் வரவில்லை என்றால் அரைமணி நேரத்தில் ரோட்டுக்கு வருகிற நாம், அதே கரண்ட்டைத் தயாரிக்கப் போய்ச் செத்தவர்களுக்காக ஒரு தடவைகூட ரோட்டுக்கு வந்ததில்லை. அவர்கள் எங்கோ சத்தீஸ்கரில் சாகவில்லை. காக்கா பறக்கிற கணக்கில் பாகூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் செத்தார்கள்.

வில்லியனூரிலும் பாகூரிலும் 230 கிலோவோல்ட் துணைமின் நிலையங்கள் இருக்கின்றன. கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவே கால் அகட்டி நிற்கும் இரும்புக் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஒன்றியப் பிரதேசம் சொந்தமாகத் தயாரிப்பது என்று பார்த்தால் காரைக்கால் டி.ஆர்.பட்டினத்தில் ஒரு எரிவாயு மின்நிலையம், 32.5 மெகாவாட். மீதியில் பெரும்பகுதி மத்திய மின்நிலையங்களிலிருந்து வாங்குவது. அதில் நமக்குக் கிட்டத்தில் இருப்பது நெய்வேலி. நம்முடைய மிக்ஸியும் போன் சார்ஜரும், இதோ நீங்கள் இந்தக் கட்டுரையை வாசிக்கிற வெளிச்சமும் கொஞ்சமாவது அந்த பாய்லர்களின் சூட்டில் வந்தவை.

2020 மே 7. நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் ஆறாவது யூனிட் பாய்லர் வெடித்தது. எட்டுப் பேர் காயம், அவர்களில் ஐந்து பேர் பிறகு இறந்தார்கள். உங்களுக்கு இது ஞாபகம் இருக்காது. காரணம், அன்று விடியற்காலையில்தான் விசாகப்பட்டினம் எல்.ஜி. பாலிமர்ஸில் விஷவாயு கசிந்தது. டிவி முழுக்க ரோட்டில் மயங்கி விழுந்த மனிதர்கள். நெய்வேலி திரையின் கீழே ஓடுகிற வரியாகப் போனது.

ஜூலை 1. அதே நிலையம், பக்கத்து யூனிட், ஐந்தாவது. மறுபடி வெடித்தது. அங்கேயே ஆறு பேர். காயம்பட்ட பதினேழு பேரில் ஒவ்வொருவராக அடுத்த வாரங்களில் ஆஸ்பத்திரியில் இறந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் அந்த ஆறு இரண்டு மடங்கையும் தாண்டியது. அதிகமும் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள்.

மே 7-க்கும் ஜூலை 1-க்கும் நடுவே 55 நாள். ஒரே வளாகம். ஒரே மாதிரி 210 மெகாவாட் யூனிட்டுகள். முதல் வெடிப்பு விபத்து என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவதையும் அதே வார்த்தையால் எழுதினால் தமிழில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் போய்விடும். ஐந்து பேரைப் புதைத்த பிறகும் பக்கத்து பாய்லருக்குள் ஆட்களை அனுப்ப ஒரு நிர்வாகத்தால் முடிகிறது என்றால், அதற்குத் தீர்மானம் என்று பெயர். யாரோ ஒருவர் மேஜையில் உட்கார்ந்து எடுத்ததாக இருக்க வேண்டியதில்லை. யாருமே எடுக்காமல், தினசரி வேலையோடு வேலையாக நடந்துபோகிற தீர்மானம். அதுதான் ரொம்ப ஆபத்து.

ஜூலை வெடிப்புக்குப் பிறகு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. இடைக்காலமாக 5 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. நிர்வாகம் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சமும் வீட்டில் ஒருவருக்கு வேலையும் அறிவித்தது. அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். நெய்வேலியில் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பது பணி நிரந்தரம். உண்ணாவிரதம், ஸ்டிரைக், கோர்ட்டு என்று எல்லா வாசலும் ஏறிவிட்டார்கள். அப்பா உயிரோடு இருந்து கேட்டபோது வராத வேலை, அவர் வெந்து செத்ததும் பிள்ளைக்கு ஒரே வாரத்தில் அறிவிப்பாக வருகிறது.

இன்னொன்றும் நடந்தது. இரண்டாம் நிலையத்தில் அந்தப் பகுதியின் நான்கு யூனிட்டுகளையும், மொத்தம் 840 மெகாவாட், பாதுகாப்பு ஆய்வுக்காக நிறுத்தினார்கள். தென்னிந்தியா இருண்டதா? பாகூரில் மோட்டார் நின்றதா? ஒன்றும் ஆகவில்லை. பொதுமுடக்க காலம், பாதிக் கடைகளும் தொழிற்சாலைகளும் மூடிக் கிடந்தன, நாட்டின் மின்தேவையே சரிந்திருந்தது. செத்த பிறகு 840 மெகாவாட்டை நிறுத்த முடிந்தவர்களால், மே மாதமே அதைச் செய்திருக்க முடியும். என் கட்டுரை மொத்தமும் இந்த ஒரு இடத்தைச் சுற்றித்தான். மின்நிலையத்தில் பாதுகாப்பு என்பது, ஓடுகிற இயந்திரத்தை யார் நிறுத்தலாம் என்ற கேள்வி. ஹெல்மெட், ஷூ, போஸ்டர், உறுதிமொழி எல்லாம் அதற்கு அப்புறம்.

பாய்லர் என்றால் என்ன என்று தெரியாமல் இதைப் பேச முடியாது. டீக்கடை பாய்லரை நினைத்துக்கொள்ளாதீர்கள். 210 மெகாவாட் யூனிட்டின் பாய்லர் நம்ம வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் கோபுரத்தைவிட உயரம். உள்ளே நெருப்பு, சுவர் முழுக்கக் குழாய்கள், குழாய்க்குள் நீராவி. நெய்வேலியில் எரிவது பழுப்பு நிலக்கரி. அதன் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். காயவைத்துப் பொடியாக்கி ஊதித்தான் எரிக்க வேண்டும். பொடி பஞ்சு மாதிரி, சட்டென்று பற்றும். எரிந்த சாம்பல் சில நேரம் உருகி, கட்டிதட்டி, சுவரிலும் அடியிலும் பாறை மாதிரி ஒட்டிக்கொள்ளும். கிளிங்கர் என்பார்கள். அதை இடித்து எடுக்க ஆள் வேண்டும்.

யூனிட் நின்றுவிட்டால் ஆபத்து நின்றுவிடாது. நம்மில் பலருக்குத் தெரியாதது இதுதான். நின்ற பாய்லரின் மூலையிலும், கரி கொட்டி வைக்கிற பங்கரிலும், அரைக்கிற மில்லிலும் கங்கு நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அடைத்த இடத்தில் எரியும் வாயு சேரும். அந்த நேரத்தில் யாராவது கதவைத் திறந்தால், கட்டியைத் தட்டினால், பொடி பறந்து காற்றோடு கலந்தால், கங்கு ஒன்று போதும். அதனால்தான் மறுபடி பற்றவைக்கும் முன் உள்ளே காற்றடித்துச் சுத்தம் பண்ண வேண்டும். குறைந்தது ஐந்து நிமிஷம், உள்ளே இருப்பது ஐந்து முறை முழுசாக மாறும் அளவுக்கு என்று உலகமெங்கும் புழங்கும் விதி சொல்கிறது. ஜூலை 1 வெடித்த பாய்லர் அந்நேரம் ஓட்டத்தில் இல்லை என்று நிறுவனத் தரப்பே சொன்னது. அதை ஏதோ சமாதானம் மாதிரிச் சொன்னார்கள். ஓடாத பாய்லர் பத்து, பதினைந்து உயிரை எடுக்கிறது என்றால், ஆற வைக்க வேண்டிய நேரத்தை யாரோ மிச்சம் பிடித்திருக்கிறார்களா என்றுதான் நாம் முதலில் கேட்க வேண்டும்.

நேரத்தை ஏன் மிச்சம் பிடிக்க வேண்டும்? பணம். மின்நிலையத்துக்கு வரும் பணத்தில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று எரித்த எரிபொருளுக்கு. இன்னொன்று தயாராக நின்றதற்கு. கடன், சம்பளம், பராமரிப்பு எல்லாம் இந்தப் பங்கில்தான். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி பெரும்பாலான அனல்மின் நிலையங்கள் வருஷத்தில் 85 சதவீதம் தயார்நிலையில் இருந்தால்தான் அந்தப் பங்கு முழுசாகக் கிடைக்கும். பழுப்பு நிலக்கரி நிலையங்களுக்கு அளவு கொஞ்சம் தளர்வு, ஆனால் கணக்கு அதே கணக்குதான். யூனிட் நிற்கும் ஒவ்வொரு நாளும் காசு கழிகிறது. ஷிப்ட் இன்ஜினியருக்கு இது தெரியும், கான்ட்ராக்டருக்கும் தெரியும். சூப்பர்வைசர் வாய் திறந்து ‘சீக்கிரம் முடிங்கப்பா’ என்று சொல்லக்கூடத் தேவையில்லை.

நெய்வேலி மட்டும் இப்படி என்று எண்ண வேண்டாம். உத்தரப்பிரதேசம் ரேபரேலி மாவட்டம் உஞ்சாஹார், 2017 நவம்பர் 1. என்.டி.பி.சி.யின் 500 மெகாவாட் யூனிட். பாய்லர் அடியில் சாம்பல் மலையாகச் சேர்ந்துவிட்டது. யூனிட்டை நிறுத்தி ஆறவிட்டு எடுத்திருக்க வேண்டும். ஓடவிட்டே எடுக்கப் பார்த்தார்கள் என்பதுதான் அன்று வெளிவந்த செய்திகளின் சாரம். 40 பேருக்கு மேல் வெந்து செத்தார்கள். ரஷ்யாவின் சயானோ-சுஷென்ஸ்கயா நீர்மின் நிலையம், 2009 ஆகஸ்ட் 17. அங்கே நெருப்பே இல்லை, தண்ணீர்தான். இரண்டாம் டர்பைன் அளவுக்கு மீறி அதிர்ந்துகொண்டிருந்தது. முந்தின ராத்திரி பிராட்ஸ்க் நிலையத்தில் தீப்பிடித்ததால் அதன் சுமையும் இங்கே வந்து விழுந்தது. அதிர்கிற டர்பைனை நிறுத்தவில்லை. காலையில் அது மூடியைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்தது. 75 பேர். நிலக்கரி, சாம்பல், தண்ணீர், முதலாளித்துவம், பழைய சோவியத் பூமி, எதுவாக இருந்தாலும் கதை ஒன்றுதான். கண்ணுக்கு முன்னால் அறிகுறி இருந்தது. நிறுத்தும் அதிகாரம் வேறு யாரிடமோ இருந்தது.

இனி சட்டம். சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. போபாலுக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். அபாயகரமான தொழில்கள் என்ற அட்டவணையில் மின் உற்பத்தியும் இருக்கிறது. 41-எச் என்று ஒரு பிரிவு. உடனடி ஆபத்து வரும்போல் இருந்தால் தொழிலாளி எச்சரிக்கலாம். கவனியுங்கள், எச்சரிக்கலாம். மேலாளர் அதை நம்பினால் நடவடிக்கை எடுப்பார். நம்பாவிட்டால் விஷயத்தை இன்ஸ்பெக்டருக்கு அனுப்புவார், இன்ஸ்பெக்டர் சொல்வதே முடிவு. அதுவரைக்கும் அந்தத் தொழிலாளி எங்கே நிற்பார்? பாய்லர் பக்கத்தில்தான். ‘நான் உள்ளே போகமாட்டேன், போகாததற்காக என் கூலியை வெட்டக் கூடாது’ என்று சொல்லும் உரிமை அந்தப் பிரிவில் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. புதியதிலும் நிலைமை அதேதான்: முதலாளிக்குச் சொல்லலாம், இன்ஸ்பெக்டருக்கும் கூடவே சொல்லலாம். அந்த இன்ஸ்பெக்டருக்கு இப்போது இன்ஸ்பெக்டர்-கம்-ஃபெசிலிடேட்டர் என்று பெயர். கான்ட்ராக்ட் சட்டம் பொருந்தும் எண்ணிக்கை 20 பேரிலிருந்து 50 பேர் என்று உயர்ந்துவிட்டது. 49 பேரை வைத்து ஒரு சின்ன கான்ட்ராக்டர் பாய்லருக்குள் ஆள் அனுப்பினால் அந்தப் பிரிவுகள் அவரைத் தொடாது.

ஐ.எல்.ஓ.வின் 155-ஆம் உடன்படிக்கை 1981-லேயே வேறு மாதிரி எழுதியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிடத்தை விட்டு விலகிய தொழிலாளியைப் பழிவாங்கக் கூடாது. 2022-இல் அதை அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாகவும் ஆக்கிவிட்டார்கள். எச்சரிப்பதற்கும் விலகுவதற்கும் நடுவே இருக்கிற தூரம்தான் ஒரு ஆளின் ஆயுசு.

பேப்பரில் விலகும் உரிமை கொடுத்தாலும் கான்ட்ராக்ட் தொழிலாளி கையில் அது நிற்குமா என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. கான்ட்ராக்ட் ஆள் என்றால் கேட் பாஸ். வேலையை விட்டு நீக்க ஆர்டர் வேண்டாம், விசாரணை வேண்டாம். பாஸ் புதுப்பிக்கவில்லை என்றால் முடிந்தது. கேட்டுக்கு வெளியே நிற்கிறவனை ‘நீக்கிவிட்டார்கள்’ என்றுகூடச் சொல்ல முடியாது, ‘பாஸ் வரல’ என்றுதான் சொல்ல முடியும். இதைத் தெரிந்த ஆள், கங்கு தெரிகிற பாய்லர் கதவு முன்னால் நின்று ‘சார், இது ஆறல, நான் தட்டமாட்டேன்’ என்று சொல்வானா? வீட்டில் குழுக்கடன் இருக்கிறது. தட்டுவான். செத்தால் ‘பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றவில்லை’ என்று ஒரு வரி. மார்ச் 4 தேசிய பாதுகாப்பு நாளன்று உறுதிமொழி வாசிப்பவர்களும் அதே ஆட்கள்தான். ‘நான் என் பாதுகாப்பைக் கவனித்துக்கொள்வேன்’ என்று கூலிக்காரனிடம் சத்தியம் வாங்குகிறார்கள். ‘நீ நிறுத்து என்றால் நான் நிறுத்துவேன்’ என்று மேலதிகாரி கைநீட்டிச் சத்தியம் பண்ணும் உறுதிமொழி ஏன் இல்லை?

இதற்கு மாற்று வெளிநாட்டில் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம், நம்ம ஊர் போஸ்ட் மரத்திலேயே இருக்கிறது. ஒயர்மேன் மின்கம்பத்தில் ஏறுவதற்கு முன் துணைமின் நிலையத்துக்குப் போன் போடுவதைக் கேட்டிருப்பீர்கள். ‘எல்.சி. குடுத்துட்டீங்களா?’ எல்.சி. என்றால் லைன் கிளியர். அந்த லைனில் கரண்ட் இல்லை, நீ சொல்லும்வரை போடமாட்டோம் என்ற எழுத்துப்பூர்வமான வாக்குறுதி. மேலே ஏறினவர் இறங்கி வந்து எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்கும் வரை, கீழே ஊரே சத்தம் போட்டாலும், எம்.எல்.ஏ.வே போன் பண்ணினாலும் சுவிட்ச் போடக் கூடாது. அந்த நேரத்துக்கு அந்த லைனுக்கு ராஜா கம்பத்து மேலே இருக்கிற ஆள்தான். முறை மீறப்பட்டு ஒயர்மேன்கள் சாவதும் நடக்கிறது, தெரியும். ஆனால் மீறினார்கள் என்று சொல்வதற்காவது அங்கே ஒரு முறை இருக்கிறது. அதில் ஆபத்துக்குள் இருக்கும் ஆளின் கையில் சாவி இருக்கிறது.

மின்நிலையத்திலும் பெர்மிட் என்று ஒன்று உண்டு. எந்த வால்வு மூடியது, எந்த மோட்டார் துண்டித்தது, எத்தனை மணி நேரம் ஆறவிட்டது என்று பட்டியலிட்டுக் கையெழுத்துப் போட்டுத்தான் வேலை துவங்க வேண்டும். தாளில் குறையில்லை. ஆனால் அது இன்ஜினியருக்கும் இன்ஜினியருக்கும் நடுவே, ஆங்கிலத்தில் கைமாறுகிறது. உள்ளே போகிற பத்துப் பேர் அதைப் பார்ப்பதுகூட இல்லை. அவர்களுக்குப் புரியும் மொழியில் வாசலிலேயே படித்துக்காட்ட எவ்வளவு நேரம் ஆகும், ஐந்து நிமிஷம்? உள்ளே போகும் ஒவ்வொருவனும் சுவிட்ச்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு போகும் பழக்கம் பல நாடுகளில் சாதாரணம். கடைசி ஆள் வெளியே வந்து கடைசிப் பூட்டைத் திறக்கும் வரை இயந்திரம் அசையாது. ஒரு பூட்டு என்ன விலை என்று வில்லியனூர் இரும்புக் கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

‘கண்டவன் எல்லாம் நிறுத்தினா கிரிட் கவுந்துடும்’ என்பார்கள். படித்த நண்பர்களே சொல்வார்கள். 2012 ஜூலை 30, 31-இல் வடக்கு இருண்டதைக் காட்டுவார்கள். அந்தக் கிரிட்டில் அன்று சுமை அளவு மீறி ஓடியது, லைன்கள் திணறின. ஒரு கூலிக்காரன் பாய்லரை நிறுத்தியதால் அது கவிழவில்லை. கணக்கைப் பாருங்கள். 2024 மே மாதம் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை மட்டும் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. 210 மெகாவாட் யூனிட் அதில் நூற்றில் ஒரு பங்கு. கூடங்குளத்தில் 1000 மெகாவாட் யூனிட் ஒன்று திடீரென்று நின்றாலும் தாங்க வேண்டும் என்றுதான் கிரிட்டையே கட்டியிருக்கிறார்கள். கிரிட் தாங்கும். தாங்காதது கம்பெனியின் தயார்நிலைக் கணக்கு.

சிலர் பொய்யாக நிறுத்துவார்களாம். நிறுத்தட்டுமே. பத்து தடவை வீணாக நின்றால் ஆகும் நஷ்டத்தையும் ஒரு தடவை நிற்காமல் போனதில் ஆன நஷ்டத்தையும் எழுதிப் பார்க்க ரூபாய்க் கணக்கே போதும், மனிதாபிமானம்கூட வேண்டாம்.

இதற்கிடையே பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. 2024 டிசம்பரில் மேட்டூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி பங்கர் சரிந்து இரண்டு கான்ட்ராக்ட் தொழிலாளர்கள். 2025 செப்டம்பர் 30 எண்ணூரில் கட்டுமானத்தில் இருந்த அனல்மின் நிலையத்தில் சாரம் சரிந்து ஒன்பது வடகிழக்குத் தொழிலாளர்கள். அஸ்ஸாமிலிருந்து வந்து நம் கரண்ட்டுக்காக விழுந்தவர்களின் பெயரை நம்மில் எத்தனை பேருக்குச் சொல்ல வரும்? இலக்கியம் வாசிக்கிறோம், செர்னோபில் பற்றிப் புத்தகம் படித்து விட்டு இரண்டு நாள் சோறு இறங்காமல் இருக்கிறோம். நெய்வேலி பஸ் கடலூரிலிருந்தே கிடைக்கும்.

நாம் என்ன செய்ய முடியும் என்று கையை விரிக்க வேண்டியதில்லை. புதுச்சேரி மின்துறை அந்த மின்சாரத்தை வாங்குகிற கட்சி. வாங்குகிறவன் கேள்வி கேட்கலாம். கத்தரிக்காய் வாங்கும்போது பூச்சி இருக்கா என்று பார்க்கிறோம். மின்கட்டணத்தை மாற்றும் முன் கோவா மற்றும் ஒன்றியப் பிரதேசங்களுக்கான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் புதுச்சேரியில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறது. அங்கே போகிறவர்கள் யூனிட்டுக்கு எத்தனை பைசா ஏற்றினீர்கள் என்று சண்டை போடுகிறார்கள், போடவும் வேண்டும். பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் நாலு பேர் போய் இன்னும் ஒன்றைக் கேட்டால் என்ன? நீங்கள் மின்சாரம் வாங்கும் நிலையத்தில் போன வருஷம் எத்தனை பேர் செத்தார்கள், அதில் கான்ட்ராக்ட் எத்தனை பேர், எத்தனை தடவை ஒரு தொழிலாளி ‘நிறுத்துங்க’ என்று சொன்னார், எத்தனை தடவை நிறுத்தினார்கள், சொன்ன ஆளுக்கு மறுமாதம் கேட் பாஸ் புதுப்பித்தார்களா?

பதில் மின்துறையிடம் இருக்காது. எழுத்தில் கேட்டுவிட்டு வந்தால், அடுத்த வருஷமும் அதே கேள்வியோடு போகலாம்.